சுழியோடியும் மிதப்பு அங்கியும்

எமது கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தில், விற்றராசிலே ஒரு கல்லைத் தூக்கி, நீர் நிறைந்த பாத்திரத்துள் மெல்ல இறக்கி, அதன் நிறை குறையக் கண்டு வியந்தவர்கள் இம்மலரைப் படிப்போருட் பலர் இருப்பர். நீருள் அமிழ்ந்த பொருள், தான் இடம்பெயர்த்த நீரின் நிறைக்குச் சமமான மேலுதைப்பைப் பெறும் என்னும் ஆக்கிமிடீசின் தத்துவத்தைப் பரீட்சையின் பொருட்டு மனனஞ் செய்தோம். பரீட்சை முடிந்ததும் மறந்தோம். நாற்பது வயதைக் கடந்தபின், நிலாவெளிக் கடலில் ஈயக்கட்டிகளை இடுப்பிற் கட்டிக்கொண்டு இறங்கிய அன்றுதான், அத்தத்துவம் எமது உடம்பையே விற்றராசிற் கட்டிய கல்லாக்கி மீண்டும் பாடம் நடத்தியது.

பழைய மாணவர் சிலரும் அவர்தம் பிள்ளைகளும் விடுமுறைக் காலத்திற் கிழக்குக் கடலிற் சுழியோடப் பழகி வருகின்றனர். எத்தகைய அங்கியை வாங்குவது, எவ்வளவு ஈயங் கட்டுவது என அவர்கள் எம்மை வினவுவதுண்டு. அவ்வினாக்களே இக்கட்டுரைக்குக் காரணம். தகுதி பெற்ற ஆசிரியரிடம் நேரிற் கற்பதற்கு இஃது ஈடாகாது என்பதை முன்னரே சொல்லிவிடுகிறோம்.

மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர், கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் காலூன்றி விரைந்து அடித்தளஞ் சேர்ந்தனர். சேர்ந்ததும் கல்லை விட்டுவிடுவர். படகிலுள்ளோர் அதனை மேலே இழுத்துக்கொள்வர். இறங்குவதற்கு மட்டுமே அவர்க்குப் பாரம் வேண்டியிருந்தது. காற்றுச் சிலிண்டரை முதுகிற் சுமந்து முக்கால் மணி நேரம் நீருள் உலாவும் ஸ்கூபாச் சுழியோடியோ, இறங்கும்போதும் நிற்கும்போதும் ஏறும்போதும் தம் கல்லைக் கூடவே கொண்டு திரிகின்றார். அந்தப் பாரத்தை ஆழத்திற்கேற்பச் சரிக்கட்டுவதற்கு அமைந்ததே மிதப்பு அங்கி. படகுகளிலும் கடைகளிலும் பீ.சீ.டி. என வழங்குவது இதுவே.

கூஸ்தோவும் காஞ்ஞானும் 1943 இல் பிரான்சில் மூச்சுக்கருவியை ஆக்கியபோது இத்தகைய அங்கி இருந்ததில்லை. 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலையிற் சுழியோடி, கோணேசர் மலையடியிற் பழைய ஆலயத்தின் இடிபாடுகளைக் கண்ட காலத்திலும் இன்றைய அங்கி வழக்கில் இல்லை. அக்காலத்தவர் ஈயத்தைக் கவனமாக அளந்து கட்டினர். எஞ்சியதைத் தம் மூச்சினாற் சரிசெய்தனர். அங்கி வந்தபின் அந்தக் கவனம் அருகிவிட்டது என்பதே எமது குறை.

அங்கியின் அமைப்பு எளியது. காற்றுப் புகாத ஒரு பை. சிலிண்டரிலிருந்து அதற்குக் காற்றைக் கொண்டுவரும் குழாய். இடத்தோளில் நெளிகுழாயின் நுனியிற் காற்றை விட ஒரு பொத்தான், வெளியேற்ற ஒரு பொத்தான். தோளிலும் பின்புறத்தின் கீழும் காற்றைத் திறந்துவிடும் வால்வுகள். பை உடலின் இருபுறமும் சுற்றி அமைவது ஒரு வகை; முதுகில் மட்டும் அமைவது மற்றொரு வகை. முன்னையது நீர்மட்டத்தில் நிமிர்ந்து மிதக்கச் செய்யும்; பின்னையது நீருள் மீன்போற் கிடையாகக் கிடக்க உதவும், ஆயின் மேலே வந்தபின் முகத்தைச் சற்று முன்னே தள்ளும். தொடக்கத்தில் எதுவாயினும் ஆகுக. பயிலும்போது அணிந்த வகையையே வாங்குவது நன்று.

வகையைக் காட்டிலும் அளவே முக்கியம். கடலில் அணியும் றப்பர் உடையை அணிந்துகொண்டே அங்கியை அணிந்து பார்த்தல் வேண்டும். அதனை முற்றாகக் காற்றால் நிரப்பி ஆழ்ந்து மூச்செடுக்கும்போது மார்பு நெரிபடலாகாது. காற்றை வெளியேற்றியபின் ஒருவர் தோட்பட்டிகளைப் பிடித்து மேலே தூக்கினால், அங்கி உடலோடு வரவேண்டுமேயன்றித் தனித்துக் காதளவிற்கு ஏறலாகாது. விற்பவர்கள் பையின் தூக்குதிறனைப் பெருமையாகச் சொல்வர். எமது வெப்பக் கடலில் மெல்லிய உடையுடன் இறங்குவோர்க்குப் பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தூக்கும் பை தாராளம். பெரிய பை பெரிய காற்றுக்குமிழியையே தருகிறது. பழைய அங்கியை வாங்குவோர் அதனை இறுக நிரப்பி ஓரிரவு வைத்துப் பார்க்கட்டும். காலையில் தொய்ந்திருப்பின் வேண்டாம்.

இனி ஈயத்திற்கு வருவோம். எமது மூன்றாவது இறக்கத்தின்போது, வாடகைக்குப் பெற்ற அங்கி எமக்கு ஓரளவு பெரிதாயிருந்தது. படகில் எட்டுக் கிலோ ஈயம் கட்டினர். நான்கு கிலோவே எமக்குப் போதும் என்பதைப் பிற்பாடு அறிந்தோம். அன்று கேள்வி கேட்க எமக்குத் தெரியவில்லை. அதிகமான நான்கு கிலோவைத் தாங்க ஏறத்தாழ நான்கு இலீற்றர் காற்றை அங்கிக்குள் விட்டோம். பதினாறு மீற்றர் ஆழத்தில் அக்காற்று அமைதியாய்க் கிடந்தது. பாறைச்சரிவைத் தொடர்ந்து பத்து மீற்றருக்கு வந்தபோது அஃது ஐந்து இலீற்றருக்கு மேலாயிற்று. ஐந்து மீற்றரில் ஏழு இலீற்றரை அண்மியது. போயிலின் விதி என நாம் கரும்பலகையிற் கண்டது இதுவே: அமுக்கங் குறையக் கனவளவு கூடும். எமது கனவளவு கூட நாம் ஏறினோம். ஏற ஏற அது மேலுங் கூடியது. அங்கி தோளைவிட்டு எழுந்து காதுகளை அடைத்தது. நெளிகுழாய் முதுகுப்பக்கம் போயிற்று. தேடிய கைக்கு அகப்படவில்லை. வழிகாட்டி எமது காற்றுடுப்பைப் பற்றி நிறுத்தி, பின்புற வால்வின் கயிற்றை இழுத்திராவிடில் தக்கைபோல் நீர்மட்டத்திற் பாய்ந்திருப்போம்.

அதிலென்ன கேடு என்று கேட்கலாம். அங்கியுள் விரிந்த அதே விதியின்படி நுரையீரலிலுள்ள காற்றும் விரிகிறது. நிறைந்த மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு மீற்றர் ஏறினாலே நுரையீரல் கிழியக்கூடும். கிழிந்த இடத்தாற் காற்று இரத்தத்திற் கலந்து மூளையை அடையின் உயிருக்கே ஆபத்து. நாம் அன்று தப்பியது, அச்சத்தினாற் கூவ முயன்று மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தமையால் என்றே எண்ணுகிறோம்.

ஆகவே ஈயத்தை அளக்கும் முறையை ஒவ்வொருவரும் தாமே அறிதல் வேண்டும். ஆழமான நீரில், அங்கியின் காற்றை முழுதும் வெளியேற்றி, கால்களை அசைக்காது நிமிர்ந்து நின்று, இயல்பான மூச்சை அடக்கினால் நீர்மட்டம் கண்களுக்கு நேரே நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். ஆயின் இங்கே ஒரு நுட்பம் உண்டு. காற்றுக்கும் நிறையுண்டு. எமது கடலில் வழங்கும் பதினொரு இலீற்றர் அலுமினியச் சிலிண்டரில் நிரப்பிய காற்று இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல். அதில் முக்காற்பங்கைச் சுவாசித்து முடித்து, 50 பாருடன் திரும்புகையில் நாம் இரண்டு கிலோ இலேசாகியிருப்போம். நிறைந்தபோது அமிழும் அச்சிலிண்டர் வெறுமையாகும் வேளையில் மிதக்கவும் தொடங்கும். எனவே நிறைந்த சிலிண்டருடன் சோதித்தோர் இரண்டு கிலோ கூட்டிக்கொள்க. இதனினுஞ் சிறந்தது இறக்கத்தின் முடிவிற் சோதிப்பது: 50 பார் எஞ்சிய நிலையில், ஐந்து மீற்றர் ஆழத்தில், வெறும் அங்கியுடன் மூன்று நிமிடம் அசையாது நிற்க முடியுமாயின் ஈயம் சரி.

நீச்சற்றடாகத்திற் பழகியோர் வேறொன்றையும் நினைவிற் கொள்க. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கூடியது. கருவிகளுடன் தொண்ணூறு கிலோ உள்ளவர்க்கு இரண்டு கிலோவுக்கு மேலான வேறுபாடு அது. உடை தடித்தால், உடல் பருத்தால், கணக்கும் மாறும். ஆகையால் நண்பர் கட்டிய அளவைத் தாமும் கட்டுதல் தகாது. ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு முறையும் உடை, சிலிண்டர், ஈயம் மூன்றையும் எழுதி வைத்தல் நன்று.

நீருள் இறங்கியபின் பொத்தானைச் சிறுகச் சிறுகவே அழுத்துக. அழுத்தியதும் பொறுத்திருக்க வேண்டும், பயன் உடனே தெரியாது. சிறு திருத்தங்களுக்குப் பொத்தான் வேண்டியதேயில்லை. நுரையீரல் ஒரு இலீற்றர் கூட்டினால் ஒரு கிலோ இலேசாவோம். ஏறத் தொடங்குமுன் நெளிகுழாயைக் கையிற் பிடித்துத் தலைக்கு மேலே உயர்த்திக் காற்றை விட்டுக்கொண்டே, நிமிடத்திற்கு ஒன்பது மீற்றருக்கு மேற்படாது ஏறுக. இறுதிப் பத்து மீற்றரிலேயே கனவளவு இருமடங்காவதால் அங்கேதான் மிகுந்த நிதானம் தேவை. ஈயத்தைக் கழற்றும் கொளுவியைக் கண்ணை மூடிக்கொண்டே தொட்டறியுமாறு பழகுக. நீர்மட்டத்திற் களைத்துத் தத்தளிப்போர் முதலில் கைவிட வேண்டியது ஈயத்தையே. ஆயினும் விலைகொடுத்து வாங்கிய பொருளை விட மனம் வராமலோ, நினைவு வராமலோ, கட்டியவாறே மாண்டோர் பலர்.

சிலிண்டரைப் பிணிக்கும் பட்டியை நீரில் நனைத்தபின் இறுக்குக; உலர்ந்த பட்டி நனைந்ததும் தளரும். கரையேறியதும் அங்கியை வெளியே கழுவுவோர் உள்ளே கழுவ மறக்கின்றனர். நன்னீரைக் குழாய்வழியே உள்ளே விட்டு, குலுக்கி, கீழ் வால்வாற் கொட்டி, சிறிது காற்றூதி நிழலில் உலர்த்துக. உப்புப் படிந்த பொத்தான் அழுத்திய நிலையிலே நின்றுவிடுவதுண்டு. அப்போது காற்றுக் குழாயைக் கழற்றிவிடும் வகையையும் கரையிலிருக்கும்போதே பத்துமுறை செய்து பார்த்துக்கொள்க.