ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவும்!

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குப் போயிருக்கிறீர்களா? பூக்கடை, மளிகைக்கடை, தேக்கா சந்தை என்று எந்நேரமும் நெரிசல்தான். பார்வை மங்கிய ஒரு பாட்டி அங்கே தனியாகப் போய்க் காய்கறி வாங்கி வந்து சமைக்க முடியுமா? தக்க பயிற்சி இருந்தால் பலரால் முடியும். அதற்கு வழிகாட்டுவதே தொழில்வழிச் சிகிச்சை.

இங்கே தொழில் என்பது கூலி வேலை மட்டுமல்ல. குளிப்பது, சமைப்பது, காசு எண்ணுவது, கோயிலுக்குப் போவது எல்லாமே தொழில்தான். கண்புரையை அறுவை செய்து நீக்கலாம். ஆனால் கண் அழுத்த நோய் பறித்த பார்வை திரும்புவதில்லை. நீரிழிவால் கெட்ட விழித்திரையும் பல வேளைகளில் முழுதாகச் சீராவதில்லை. சிகிச்சைக்கும் கண்ணாடிக்கும் பிறகும் மிஞ்சும் இக்குறையே குறைபார்வை.

"ஒரு பூதக்கண்ணாடி கொடுத்தால் போதாதா? கோட்பாடு எதற்கு?" என்று கேட்பீர்கள். 1996இல் கனடாவில் மேரி லா என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். ஆள், சூழல், செயல் மூன்றும் பொருந்தினால்தான் காரியம் நடக்கும் என்பது அதன் சாரம். ஒன்றைத் திருத்த முடியாதபோது மற்ற இரண்டைத் திருத்தலாமே!

பாட்டி கோப்பி ஊற்றும்போது வழிந்துவிடுகிறது. "இனி அடுப்புப் பக்கம் போகாதீங்க" என்று வீட்டார் உட்கார வைத்துவிடுவார்கள். கோட்பாடு அறிந்தவரோ கேள்வி கேட்பார். நடுப்பார்வை போயிற்றா, ஓரப்பார்வையா? வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது? எந்த இடத்தில் கை தடுமாறுகிறது? அந்த வேலையில் பாட்டிக்கு ஆசை உண்டா? விடை கிடைத்தால் வழியும் கிடைக்கும். கறுப்புக் கோப்பிக்கு வெள்ளைக் கோப்பை, பாலுக்குக் கரிய கோப்பை. அடுப்புத் திருகில் பளிச்சென்ற மஞ்சள் நாடா. கண் கூசாதபடி விளக்கு.

ஊரே சூழலைத் திருத்துவதும் உண்டு. சிங்கப்பூர் ரயில் நிலையத் தரைகளில் காலுக்குத் தட்டுப்படும் வரிக்கற்கள் இருக்கின்றன. 2013இல் வந்த நாணயங்கள் மதிப்பு கூடக் கூட அளவிலும் பெரியவை. விரலே காசை எண்ணிவிடும்! தோ பாயோவில், 1951இல் தோன்றிய பார்வைக் குறைபாடுடையோர் சங்கம் இத்தகையோருக்குப் பயிற்சி அளிக்கிறது.

உங்கள் லயத்து வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் இருக்கலாம். முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு வாசற்படி ஓரத்தில் வெள்ளைச் சாயம் பூசுங்கள். உப்பும் சீனியும் இருக்கும் இடத்தை மாற்றாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "உங்களுக்கு எந்த வேலை செய்ய ஆசை?" என்று அவரிடமே கேளுங்கள். சிகிச்சை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.