வதந்தியின் பதிவேடு யாரிடம் இருக்கிறது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் வந்த மண்சரிவுகளில் கண்டி மாவட்டத்துக் குடும்பங்கள் பல வீட்டையும் தோட்டத்தையும் மட்டுமல்ல, பெட்டியில் வைத்திருந்த காணி உறுதியையும் இழந்தன. உறுதி மண்ணுக்குள் போனாலும் காணிப் பதிவகத்தில் அதன் பதிவு இருக்கும். விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, பதிவைத் தேடிப் பார்த்துப் பிரதி பெறலாம். பதிவேட்டைக் காப்பது அரசாங்கம்; அதைத் திறந்து பார்க்கும் வழியோ பொதுமக்களுக்கு உண்டு. (லயத்தில் நான்கு தலைமுறை வாழ்ந்தவர்களுக்குத் தேடிப் பார்க்க ஓர் உறுதியே இருந்ததில்லை என்பது வேறு கதை.)

இன்று எம்மைப் பற்றி இன்னொரு பதிவேடும் எழுதப்பட்டு வருகிறது. முகநூல், யூடியூப், டிக்டொக், எக்ஸ் ஆகியவற்றில் எவரும் பார்க்கக்கூடியதாகப் போடப்படும் எழுத்து, படம், காணொளி அனைத்தும் அந்தந்த நிறுவனங்களின் களஞ்சியத்தில் சேர்கின்றன. எந்த ஊரைப் பற்றி யார் என்ன சொன்னார், அதை எத்தனை பேர் பரப்பினர், எந்த நாளில், எந்த மணியில் என்பதெல்லாம் அங்கே உண்டு. இப்பதிவேட்டைப் பல்கலைக்கழகங்களிலும் பொதுநல நிறுவனங்களிலும் உள்ள ஆய்வாளர்கள் திறந்து பார்க்க அனுமதி வேண்டும் என்ற கோரிக்கை பல நாடுகளில் எழுந்துள்ளது. இடம்பெயர்ந்து, விதைநெல்லுக்கும் பசளைக்கும் அலையும் விவசாயக் குடும்பத்துக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். அதற்கான பதில் எமது மாவட்டத்திலேயே இருக்கிறது.

திகனவில் நடந்தது

2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் வீதியில் ஏற்பட்ட தகராறொன்றில் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்டார். மார்ச் தொடக்கத்தில் அவர் மருத்துவமனையில் இறந்தார். அது பொலிசாரும் நீதிமன்றமும் விசாரிக்க வேண்டிய ஒரு குற்றம். ஆனால் அதற்கு முன்பே நாட்டில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. பெப்ரவரி இறுதியில் அம்பாறையிலுள்ள முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு காணொளி முகநூலில் பரவியது. உணவிலிருந்தது வெறும் மாக்கட்டிதான் என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அந்த அறிவிப்பு வந்தபோது கதை மலைநாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மார்ச் 4, 5ஆம் திகதிகளில் திகனவிலும் தெல்தெனியவிலும் தொடங்கிய தாக்குதல், மெனிக்கின்ன, கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கங்களுக்கும் பரவியது. பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் எரிந்தன. திகனவில் தீவைக்கப்பட்ட வீட்டினுள் ஓர் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் முகநூல், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவற்றை அரசாங்கம் முடக்கியது. முகநூல் மீதான தடை மார்ச் 15இல் நீங்கியது.

அணை கட்டியதால் ஏற்கனவே ஒருமுறை இடம்பெயர்ந்த பூமி அது. பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் அதன் இடிபாடுகள் வெளியே தெரியும். தண்ணீருக்கு விட்டுக்கொடுத்து மேட்டில் மீண்டும் கட்டிய வாழ்வு, இம்முறை ஒரு பொய்யினால் எரிந்தது.

ஆபத்து இருக்கிறது என்று முன்னரே சொன்னவர்கள் இருந்தனர். அளுத்கமவில் 2014 ஜூனில் கலவரம் நடந்த அதே ஆண்டில், கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வெறுப்பைப் பரப்பிய இருபது முகநூல் பக்கங்களைப் படித்து அறிக்கை வெளியிட்டது. 2018 ஏப்ரலில் சிவில் அமைப்புகள் சேர்ந்து முகநூல் நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. முஸ்லிம்களைக் கொல்லுமாறு சிங்களத்தில் எழுதப்பட்ட ஒரு பதிவைப் பற்றி முறைப்பாடு செய்தபோது, அது தமது விதிகளை மீறவில்லை என்று நிறுவனம் பதில் அனுப்பியதை அக்கடிதம் எடுத்துக்காட்டியது. 2020 மே மாதத்தில், தான் அமர்த்திய ஆலோசகர்களின் மதிப்பீட்டை வெளியிட்டபோது, நிறுவனம் இலங்கையில் ஏற்பட்ட பாதிப்புக்காக மன்னிப்புக் கேட்டது.

மன்னிப்பை நாம் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரே கணக்காய்வாளரைத் தெரிவுசெய்து, சம்பளமும் கொடுத்து, எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்றும் தீர்மானித்தால், கிராமத்துச் சிக்கனக் கூட்டுறவுச் சங்கம்கூட அதை ஏற்காது.

ஓர் இலையும் முழுத் தோட்டமும்

எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவுதானே, ஆய்வாளரும் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொள்ளட்டும், தனி அனுமதி எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். நோய்ப்பட்ட ஓர் இலையைக் கொண்டுபோய்க் காட்டினால், விவசாயப் போதனாசிரியர் அது என்ன நோய் என்று சொல்லிவிடுவார். அது எந்தத் தோட்டத்தில் தொடங்கியது, காற்றோடு வந்ததா நாற்றோடு வந்ததா என்று சொல்ல, அவர் எல்லாத் தோட்டங்களையும் நடந்து பார்க்க வேண்டும். ஒரு பதிவைப் பார்ப்பது இலையைப் பார்ப்பது. ஆயிரக்கணக்கான பதிவுகளை நேர வரிசைப்படி எடுத்து, எது முதலில் வந்தது, யார் அதைப் பெருக்கினர், முறைப்பாட்டின் பின்னும் எத்தனை நாள் விடப்பட்டது, நிறுவனத்தின் கணினியே அதைத் தேடாதவர்களின் கண்முன்னும் தள்ளியதா என்று பார்ப்பதுதான் தோட்டத்தைப் பார்ப்பது. கதவைத் திறக்காமல் அது முடியாது.

கதவு ஓரளவு திறந்திருந்த காலமும் இருந்தது. கிரவுட்டாங்கிள் என்ற கருவியை முகநூல் நிறுவனம் 2016இல் வாங்கியது. பொதுப் பக்கங்களில் எது வேகமாகப் பரவுகிறது என்று அதனூடாக ஆய்வாளரும் பத்திரிகையாளரும் உடனுக்குடன் பார்த்தனர். 2024 ஓகஸ்ட் 14ஆம் திகதி அது மூடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த தரவு நூலகத்துக்குள் நுழைய விண்ணப்பம் போட வேண்டும். விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பணி அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலுள்ள ஒரு தரவு நிலையத்திடம் கொடுக்கப்பட்டது. எமது மாவட்டம் எரிந்த கதையைப் படிக்க பேராதனையிலிருந்து மிச்சிகனுக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது! டுவிட்டரோ, இப்போதைய எக்ஸ், ஆய்வாளருக்கு இலவசமாகக் கொடுத்துவந்த வசதியை 2023இல் நிறுத்திப் பெருந்தொகை கேட்டது.

கதவை மூடியதற்கு நிறுவனங்கள் சொல்லும் காரணத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கண்டியில் தடை நீங்கிய இரண்டே நாளில், 2018 மார்ச் 17ஆம் திகதி, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெளியாகியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் கேள்வி பதில் விளையாட்டுப் போன்ற ஒரு செயலி மூலம் திரட்டிய முகநூல் தரவு, தேர்தல் பிரசார நிறுவனமொன்றின் கைக்குப் போயிருந்தது. 8 கோடி 70 இலட்சம் பேர்வரை இதில் அடங்கக்கூடும் என்று முகநூல் கூறியது. ஆய்வு என்ற பெயரில் வருபவர் எல்லோரும் ஆய்வாளர் அல்லர் என்பதை உலகம் அன்று கண்டது. ஆனால் அங்கே திருடப்பட்டது மக்கள் நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்த விபரங்கள். நாம் கேட்பது ஊர் முழுவதற்கும் ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டதைப் பற்றி. இரண்டையும் ஒன்றாக்கி, தனிமனித அந்தரங்கத்தைக் காக்கிறோம் என்று நிறுவனங்கள் சொல்வதை நாம் முழுமையாக நம்பவில்லை. விளம்பரத்துக்காக அதே மக்களின் விருப்பு வெறுப்புகளை நாள்தோறும் அளப்பவர்களும் அவர்களே.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாக்கியது. 2022ஆம் ஆண்டின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின்படி, மிகப் பெரிய நிறுவனங்கள் தகுதியுள்ள ஆய்வாளருக்குப் பகிரங்கத் தரவைத் திறக்க வேண்டும். அதைச் செய்யத் தவறியதும் சேர்த்து, 2025 டிசம்பரில் எக்ஸ் நிறுவனத்துக்கு 12 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. எமது நாட்டில் 2024இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பதிவுகளை நீக்குவதைப் பற்றி நிறையப் பேசுகிறது. ஆய்வாளருக்குத் திறப்பதைப் பற்றிப் பேசவில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு பிரதேச செயலகத்திடம் நிவாரணப் பட்டியலைக் கேட்கலாம். முகநூலிடம் ஒன்றும் கேட்க முடியாது.

உங்கள் பதிவுகளும் உள்ளே

கதவைத் திறக்கும்படி கேட்கும்போது அதனுள் நாமும் இருக்கிறோம் என்பதை மறக்கலாகாது. புயலின் பின் உதவி கேட்டுப் போடப்பட்ட பதிவுகளில் குழந்தைகளின் முகமும் வங்கிக் கணக்கு இலக்கமும் தொலைபேசி இலக்கமும் சேர்ந்தே இருந்தன. அவையும் பகிரங்கத் தரவே. ஆகவே திறப்பு நிபந்தனையுடன் இருக்க வேண்டும்: பெயர்களை நீக்கிய பின்பே அறிக்கை, பாதுகாப்புப் பிரிவினருக்கோ வியாபாரிக்கோ கைமாற்றாமை, பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி. பின்தொடர்வோர் பலரைக் கொண்ட பக்கத்துக்கும் அகதி முகாமிலுள்ள ஒரு தாயின் கணக்குக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

முகநூலில் உங்கள் பதிவின் மேல் சிறிய உலக உருண்டை அடையாளம் தெரிந்தால், அதை யாரும் பார்க்கலாம் என்று பொருள். அதை அழுத்தி, நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றலாம். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்புவது இக்கோரிக்கையில் அடங்காது. உங்கள் பாதுகாப்பு நிலையத்துக்கோ தற்காலிகக் குடியிருப்புக்கோ யாராவது ஆய்வென்று வந்தால், எந்த நிறுவனம், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, முடிவை எப்போது எமக்குத் தமிழில் தருவீர்கள் என்று கேளுங்கள்.

ஊரைப் பற்றிய வதந்தி ஒன்று கைத்தொலைபேசிக்கு வந்தால், அதை வேறெவருக்கும் அனுப்பாமல், பக்கத்தின் பெயரும் திகதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள். பதிவை அழித்துவிட்டால் ஆய்வாளரின் தொகுப்பிலிருந்தும் அது போய்விடும். 2018இன் பதிவுகள் பல இன்று தேடினாலும் கிடைப்பதில்லை.