பழைய வாகனம் வாங்குமுன்: இழுவைக்கும் அன்றாடப் பயணத்துக்கும் ஏற்றது எது?

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து வெளியேறியவர்கள் அந்தப் பயணத்தை மறந்திருக்க மாட்டார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியவர்களும், சைக்கிளில் மூட்டை கட்டியவர்களும், தலையில் பானை சட்டி சுமந்தவர்களும் ஒரே வீதியில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். அன்று முதல் எம்மவர் பலரின் மனதில் ஓர் எண்ணம் ஊன்றிவிட்டது: "வீட்டில் ஒரு வாகனம் நிற்க வேண்டும். கடன்பட்டாவது வாங்கிவிட வேண்டும்."

அந்த எண்ணத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் பயத்தில் வாங்கும் வாகனம் பெரும்பாலும் பிழையான வாகனமாகவே அமைகிறது. குடியேற்றத்தில் ஒரு வீடும், பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் வயலும் தோட்டமுமாக வாழும் குடும்பங்களுக்கு வாகனம் ஆடம்பரப் பொருளல்ல. நாள்தோறும் போய்வர வேண்டும். விளைந்ததை ஏற்றி வர வேண்டும். இந்த இரண்டுக்கும் ஏற்ற பழைய வாகனத்தை எப்படித் தெரிவது என்பதையே இங்கு ஆராய்வோம்.

1. முதலில் கணக்குப் பார்ப்போம்

வாகனம் பார்க்கப் போகுமுன் ஒரு கொப்பியை எடுத்து இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

முதலாவது: ஓர் ஆண்டில் எத்தனை நாள் பாரம் இழுக்க வேண்டியிருக்கிறது? பசளை, விதை, அறுவடை, விறகு, தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். இருபது அல்லது இருபத்தைந்து நாள்தான் என்றால், அந்த நாட்களில் வாடகைக்கு உழவு இயந்திரம் பிடித்துக்கொண்டு, நாளாந்தப் பயணத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருப்பதே மலிவு. வாங்காமல் விடுவதும் நல்ல முடிவாக இருக்கலாம்.

இரண்டாவது: ஒரு தடவையில் எவ்வளவு எடை? ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. மூன்று புசல் கொண்ட மூடை 63 கிலோ. பத்து மூடை 630 கிலோ. பெட்டியின் சொந்த எடை 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மேலே ஏறி அமரும் மூவர் 150 கிலோ. மொத்தம் 1,080 கிலோ. அதாவது ஒரு தொன்னுக்கு மேல். "பத்து மூடைதானே" என்று நாம் சாதாரணமாகச் சொல்வதன் எடை இதுதான். வீடு கட்டுவோர் மணலையும் கவனிக்க வேண்டும். ஒரு கியூப் மணல் ஏறக்குறைய நாலரைத் தொன். அதைச் சிறிய பெட்டியில் ஒரே தடவையில் ஏற்றுவது, பெட்டியை முறிப்பதற்குத் தேடும் வழியாகும்.

2. எங்கள் முன் உள்ள வாகனங்கள்

இரு சக்கர உழவு இயந்திரம்: நாம் லான்ட்மாஸ்ரர் என்று அழைப்பது. ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், கையால் சுற்றி இயக்கலாம், பற்றறி இல்லாமலும் ஓடும், உதிரிப் பாகங்கள் சிறு பட்டினங்களிலும் கிடைக்கும். உழவு, நீர் இறைப்பு, பார இழுவை என மூன்று வேலை செய்யும். குறை என்னவென்றால் வேகம். மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் ஓடினால், 12 கிலோமீற்றர் போக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாள்தோறும் போய்வருவதற்கு அது களைப்பான வேலை. ஆனாலும் வயலும் உள்ள குடும்பத்துக்கு முதலில் யோசிக்க வேண்டியது இதுவே.

நான்கு சக்கர உழவு இயந்திரம்: பழைய மசி பெர்கூசன் 135 இன்றும் எமது வயல்களில் ஓடுகிறது. அதன் உறுதியில் சந்தேகமில்லை. ஆனால் விலையும் டீசல் செலவும் ஒரு தனிக் குடும்பத்தால் தாங்கக்கூடியவை அல்ல. வாடகை உழவு நிச்சயமாகக் கிடைக்கும் இடத்தில், அல்லது நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் மட்டும் யோசிக்கலாம்.

சிறிய லொறி: 'டிமோ பட்டா' என்று வழங்கும் ராரா ஏஸ் வகை ஏறக்குறைய 750 கிலோ ஏற்றும். மரக்கறியைச் சந்தைக்கு விடியுமுன் கொண்டு போகவும், நாள்தோறும் போய்வரவும் நல்லது. இது சுமக்கும் வாகனமே தவிர இழுக்கும் வாகனமல்ல. இதன் பின்னால் பெட்டி கொளுவ நினைக்க வேண்டாம். சேற்று வயலிலும் இறங்காது.

பழைய கார், பிக்கப்: பெற்றோல் தடைப்பட்டிருந்த 1990களில் யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும், சில துளி பெற்றோலில் உயிர் பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டவர்கள் நாம். அந்தக் கார்களின் பொறுமை பெரிது. ஆனால் ஒரு கார் தன்னை இழுப்பது வேறு, இன்னொன்றை இழுப்பது வேறு. இழுப்பதற்குக் கார் வேண்டுமானால் மூன்றைக் கவனியுங்கள். தனியான இரும்புச் சட்டத்தின் மேல் உடல் பொருத்தப்பட்ட பிக்கப், இழுவையைத் தாங்கும். பின் சக்கரத்தால் ஓடுவது நல்லது. பாரம் பின்னால் அழுத்தும்போது அந்தச் சக்கரம் நிலத்தை இறுகப் பிடிக்கும், முன் சக்கரத்தால் ஓடுவதோ பிடி தளரும். மூன்றாவதாக, கைநூலில் சொல்லப்பட்ட இழுவை எல்லையை மீறக்கூடாது. பிரித்தானியாவில் பிறேக் இல்லாத இழுவைப் பெட்டியின் மொத்த எடை 750 கிலோவையோ, இழுக்கும் வாகனத்தின் எடையில் பாதியையோ, இவற்றில் எது குறைவோ அதனைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். ஒரு தொன் எடையுள்ள காருக்கு அது 500 கிலோதான். எமது வீதிகளுக்கும் அது நல்ல அளவுகோல்.

3. பார்க்கப் போகும்போது

எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரத்தில், விடிகாலையில் போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால், காரணம் இருக்கும். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

புகையைப் பாருங்கள். பாரம் ஏற்றும்போது சற்றுக் கறுப்புப் புகை வருவது வழமை. பாரமில்லாமலே கரும்புகை தள்ளினால் காற்று வடி அடைத்திருக்கலாம், அல்லது டீசல் பாய்ச்சும் பகுதி பழுது. நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. எஞ்சின் சூடான பின்னரும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கலாம்.

ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போலிருந்தால் ஒயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்தால் மெல்லிய ஆவி வரலாம்; புகைபோக்கி போலத் தள்ளினால் எஞ்சின் உள்ளே களைத்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் விடாமல் குமிழி எழுந்தால், தலைப் பகுதியின் கஸ்கற் போய்விட்டது.

லான்ட்மாஸ்ரரானால் கியர் ஒவ்வொன்றையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். தானாக நழுவும் கியர் உள்ளே தேய்ந்தது. இரு பக்கக் கிளச்சுகளும் பிடித்தவுடன் விடுபடுகின்றனவா, விட்டவுடன் பற்றுகின்றனவா என்று பாருங்கள்.

பெட்டியையும் மறக்க வேண்டாம். கொளுவும் துளை வட்டமாக இருக்க வேண்டும். முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் ஆணி என்றோ ஒரு நாள் முறியும். சக்கரத்தை ஜக்கில் உயர்த்தி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயாறிங் மாற்ற வேண்டும். புதுப் பெயின்ற் பூசிய சட்டத்தின் அடியைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். கடற்கரை ஊர்களில் ஓடிய வாகனத்துக்கு உப்புத் துரு உள்ளே இருக்கும். நல்ல இரும்பு 'ணங்' என்று ஒலிக்கும். துருப்பிடித்தது அடங்கி ஒலிக்கும்.

ஊர் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாட் சம்பளம் வீண் செலவல்ல. ஆனால் அவர் விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக்கூடாது.

4. பத்திரங்கள்

வாகனம் எவ்வளவு நன்றாக ஓடினாலும், பதிவுப் புத்தகம் இல்லாவிட்டால் அது உங்களுடையதல்ல. போர்க் காலத்தில் ஆவணங்களை இழந்த குடும்பங்கள் பல. அவர்களின் துன்பம் உண்மையானது. ஆனால் அத்தகைய வாகனத்தைக் குறைந்த விலைக்கு வாங்குபவர் அந்தத் துன்பத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

எஞ்சின் இலக்கத்தையும் சட்ட இலக்கத்தையும் புத்தகத்துடன் ஒப்பிடுங்கள். இலக்கம் அரத்தால் அராவப்பட்டிருந்தால் திரும்பி வாருங்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனி ஒன்றின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். பெட்டிக்கும் தனியான பதிவு இலக்கம் உண்டு. அதன் பத்திரத்தையும் கேளுங்கள். பெயர் மாற்றாமல், கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஓடுவது எம்மிடையே பெருகிய வழக்கம். முதல் சொந்தக்காரர் இறந்தாலோ வெளிநாடு சென்றாலோ அந்தப் படிவம் வெறும் தாளாகிவிடும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உடனே பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும், ஓட்டுபவருக்கு அந்த வகை வாகனத்துக்குரிய சாரதி அனுமதிப்பத்திரமும் வேண்டும். மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரத்துடன் உழவு இயந்திரம் ஓட்ட முடியாது.

5. பணம்

2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களின் இறக்குமதி மீண்டும் தொடங்கியது. ஆகவே நேற்றைய விலையை நம்பி அவசரப்பட வேண்டாம். மூன்று நான்கு இடங்களில் விசாரியுங்கள். விதைப்புக்கு முன் எல்லோரும் தேடும் நேரத்தில் விலை கூடும். வேலை ஓய்ந்த மாதங்களில் பேரம் பேசலாம்.

லீசிங்கில் எடுப்பவர்கள் மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்கிறார்கள். மூன்று இலட்சம் ரூபாய்க்கு, மாதம் 12,500 வீதம் 36 மாதம் கட்டினால் மொத்தம் நாலரை இலட்சம். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. கம்பனிக்குப் பணம் மாதந்தோறும் போக வேண்டும். எமக்குப் பணம் போகத்துக்குப் போகமே வருகிறது. நாம் அறிந்த ஒரு குடும்பம் இருபத்தாறு மாதம் ஒழுங்காகக் கட்டியது. மழை பொய்த்த ஒரு காலபோகத்தின் பின் மூன்று கட்டணம் தவறியது. வாகனமும் போனது, கட்டிய பணமும் போனது. ஆகவே குறைந்தது பாதி விலையாவது கையில் இருக்கும்போதே இறங்குங்கள். வாங்கும் விலைக்குள்ளேயே ரயருக்கும் முதல் திருத்த வேலைக்கும் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

பல குடும்பங்கள் சேர்ந்து வாங்குவதானால் யாருக்கு எந்த நாள், டீசல் யாருடையது, முறிந்தால் யார் திருத்துவது, விலகுபவருக்கு எவ்வளவு என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். உறவினர் என்பதால் எழுத்து வேண்டாம் என்போர் பின்பு உறவையும் இழக்கிறார்கள்.

6. உயிரைக் காக்கும் நாலு வார்த்தை

பாரத்தைப் பெட்டியின் அச்சுக்கு மேலும் சற்று முன்னாலும் வையுங்கள். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொளுக்கியில் அமர வேண்டும். பின்னால் பாரம் கூடினால் பெட்டி கொளுக்கியைத் தூக்கும், ஆடும், வாகனத்தைத் திருப்பிவிடும்.

வேகம் இரட்டித்தால், நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும்.

குளக்கட்டிலிருந்து லான்ட்மாஸ்ரரைப் பாரத்துடன் இறக்கும்போது மிகக் கவனம். சமதரையில் இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பெட்டி பின்னால் தள்ளும்போது, விடுபட்ட இடச் சக்கரம் வேகமாக உருள, வலச் சக்கரத்தை எஞ்சின் பிடித்து வைத்திருக்கும். அதனால் இயந்திரம் வலப்பக்கம் திரும்பிவிடும். இதை அறியாதவர்கள் பாரத்தோடு சரிந்திருக்கிறார்கள். இறங்குமுன்பே தாழ்ந்த கியரைப் போடுங்கள். பக்கக் கிளச்சைத் தொடாமல் கைபிடியால் திருப்புங்கள். கியரை விடுவித்து உருளவிட வேண்டாம்.

கடைசியாக, பெட்டியின் பின்புறத்தில் ஒளி தெறிக்கும் சிவப்புப் பட்டி ஒட்டுங்கள். மைம்மலில் பிரதான வீதியில் மெதுவாக ஊரும் பெட்டியைப் பின்னால் வரும் பஸ் சாரதி காண்பது அந்தப் பட்டியால்தான். பாடசாலைப் பிள்ளைகளைப் பார மூடைகளின் மேல் ஏற்ற வேண்டாம்.

நல்ல வாகனம் என்பது அயலவர் திரும்பிப் பார்க்கும் வாகனமல்ல. மூன்று போகத்தின் பின்னும் கடனில்லாமல் உங்கள் முற்றத்தில் நிற்கும் வாகனமே நல்ல வாகனம். கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக் குடும்பமாக அமர்ந்து முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். வீட்டுச் செலவைக் கொண்டு நடத்தும் பெண்களிடமும் அந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர்கள் "சரி" என்ற பின் விலை பேசப் போகலாம்.