15,000 ரூபாயில் தொடங்கியவரிடம் நாம் கற்க என்ன இருக்கிறது?

தொழிலில் வென்றவர்களின் கதையைப் படித்தால் அன்று முழுக்க உற்சாகமாக இருக்கும். மறுநாள் காலையில் என்ன செய்வது என்பது மட்டும் தெரியாது. அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்வோம்: கவின்கேர் நிறுவனத்தைத் தொடங்கிய சி.கே. ரங்கநாதன். அவர் செய்தவற்றில் நீங்களும் செய்யக்கூடியது எது என்று பார்ப்போம்.

யார் இவர்? கடலூர்க்காரர். அப்பா சின்னி கிருஷ்ணன், பொருள்களைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்க முயன்றவர். கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா ஓட்டுபவரும் வாங்க முடியவேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் மறைவுக்குப் பின், அண்ணன்கள் வெல்வெட் ஷாம்புவைக் கொண்டுவந்தார்கள். அங்கே சிலகாலம் இருந்த ரங்கநாதன் கருத்து வேறுபாட்டால் விலகினார். கையிருப்பு 15,000 ரூபாயை வைத்து 1983-ல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார்.

‘தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை, அவருக்கென்ன?’ என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான சந்தேகம்தான். குடும்பச் சொத்தை அவர் எடுத்து வரவில்லை. ஆனால் ஷாம்பு செய்யும் விதம் அவருக்குப் பழகியிருந்தது. இதுதான் முதல் பாடம். பேக்கரி வைக்க ஆசையா? சில மாதம் ஒரு பேக்கரியில் வேலை பாருங்கள். மாவு எவ்வளவு வீணாகிறது, எந்தப் பண்டம் மாலைக்குள் தீர்கிறது, எது மிஞ்சுகிறது என்பதெல்லாம் அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டே தெரிந்துவிடும்.

15,000 ரூபாய் எப்படிப் போதுமாக இருந்தது? செலவைச் சிறிதாக வைத்துக்கொண்டார். தங்கவும் அலுவலகத்துக்கும் மாத வாடகை 250 ரூபாய், தொழிற்கூடத்துக்கு 300 ரூபாய் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். வாடகை ஒரு நிலைச்செலவு (விற்றாலும் விற்காவிட்டாலும் மாதாமாதம் கட்டவேண்டிய பணம்). புதிய தொழிலை இது எளிதில் கவிழ்த்துவிடலாம்.

உங்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். கையில் 2 லட்சம் இருக்கிறது, கருவிகளுக்கு 60,000 போகிறது என்று வையுங்கள். மீதி 1,40,000. நிலைச்செலவு மாதம் 35,000 என்றால், வியாபாரம் சூடுபிடிக்க உங்களுக்கு 4 மாதம்தான் அவகாசம். அதையே வீட்டிலிருந்து செய்து 10,000-க்குள் அடக்கினால் 14 மாதம் தாங்கலாம். பெயர்ப்பலகைக்கும் கண்ணாடிக் கதவுக்கும் பணம் போடுவதற்கு முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்.

சரி, வாங்க ஆள் வேண்டுமே? ரங்கநாதன் ஒரு திட்டம் கொண்டுவந்தார். எந்த ஷாம்புவின் காலி பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொடுத்தால், ஒரு சிக் இலவசம். போட்டியாளரின் பாக்கெட்டை ஏன் வாங்கவேண்டும்? அதை வைத்திருப்பவர் ஏற்கெனவே காசு கொடுத்து ஷாம்பு வாங்குகிறவர். புதிதாகப் பழக்க வேண்டியதில்லை. மக்கள் சிக் கேட்டு வரத் தொடங்கிய பிறகு, சிக்கின் காலி பாக்கெட்டுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றினார். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனது.

நீங்கள் செய்யக்கூடியது இது: உங்கள் பொருளைப் போன்ற ஒன்றுக்கு இப்போதே செலவு செய்பவர்கள் யார், எங்கே வாங்குகிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். இலவச மாதிரியை அவர்களுக்குக் கொடுங்கள். உறவினர்களுக்குக் கொடுத்தால் பாராட்டு கிடைக்கும், அடுத்த ஆர்டர் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

1999-ல் அவர் 50 காசுக்கு ஒரு பாக்கெட் கொண்டுவந்தார். விலையைக் குறைப்பதுதான் வழியா? அவசரப்படாதீர்கள். அவர் பார்த்தது, வாங்குபவர் ஒரு தடவைக்கு எவ்வளவு எடுத்துக் கொடுக்க முடியும் என்பதை. நீங்கள் இட்லிப் பொடி விற்கிறீர்கள். கால் கிலோ 150 ரூபாய். புதியவர் அவ்வளவு கொடுத்துச் சுவை பார்க்கத் தயங்குவார். 50 கிராம் 35 ரூபாய் என்றால் வாங்கிவிடுவார். ஆனால் கவரும் லேபிளும் ஐந்து மடங்கு ஆகும். அந்தச் செலவையும் விலையில் சேர்க்காவிட்டால், விற்க விற்க நட்டம்தான்.

சிறு பாக்கெட்டால் பிளாஸ்டிக் குப்பை சேராதா? சேரும். அதன் விளைவை இன்று வாய்க்கால்களில் பார்க்கிறோம். சிறிய அளவில் விற்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்த தெருக்களில் விற்பவரானால், வாங்குபவரையே டப்பா கொண்டுவரச் சொல்லலாம். கவர் செலவும் மிச்சம்.

கடன் யார் கொடுப்பார்கள்? ரங்கநாதனிடம் ஈடு (கடனுக்குப் பிணையாகக் காட்டும் வீடு, நிலம், நகை) எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு வங்கி முதலில் 25,000 ரூபாய் கொடுத்தது. சின்ன நிறுவனமாக இருந்தும் வருமான வரி கட்டியிருக்கிறது என்பதை மேலாளர் கவனித்து எழுதியதால் கடன் கிடைத்தது என்று ரங்கநாதன் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பாடம் இன்றைக்கும் அப்படியே பொருந்தும். வரி வராத வருமானமாக இருந்தாலும் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். விற்ற பணத்தைத் தொழிலுக்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை அரசின் இணையதளத்தில் நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. முத்ரா திட்டத்தில் ஈடு இல்லாமல் கடன் உண்டு. ஆனால் அங்கும் வங்கி உங்கள் வரவு செலவைப் பார்க்கும்.

‘நான் சம்பளக்காரன், தொழில் தொடங்கும் எண்ணமே இல்லை’ என்கிறீர்களா? நிலைச்செலவுக் கணக்கு உங்களுக்கும் உண்டு. வீட்டு வாடகை, தவணைகள், பள்ளிக் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டுங்கள். சேமிப்பை அந்தத் தொகையால் வகுங்கள். வேலை போனால் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரிந்துவிடும். விடை ஆறுக்குக் கீழே வந்தால், அடுத்த தவணைப் பொருளை வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள்.