சிறாரோடு கொழும்பில்

ஆகஸ்ட் விடுமுறையிற் குழந்தைகளைக் கொழும்புக்கு அழைத்துச் செல்வோர் பலர், நூதனசாலை, தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, கடைத்தெரு யாவற்றையும் ஒரே நாளிற் காட்டிவிட முனைகின்றனர். மாலையில் எஞ்சுவது அழுகையே. நாளுக்கு ஓரிடம் போதும் என்பது என் துணிபு.

1877இல் திறக்கப்பெற்ற நூதனசாலைக்குக் காலையிலேயே செல்லுங்கள். கண்டி மன்னரின் சிம்மாசனத்தை ஐந்து வயதுப் பிள்ளை ஒரு கணம் பார்க்கும். முற்றத்து ஆலமரத்தடியிலோ ஒரு மணி நேரம் நிற்கும். நிற்கட்டுமே! இழுத்துச் சென்று பாடம் புகட்டினால், பிள்ளை வரலாற்றையும் வெறுக்கும், ஆலமரத்தையும் இழக்கும். நண்பகல் உறக்கத்துக்குரியது.

மாலையிற் காலிமுகத்திடல். அங்குள்ள உலாவீதி 1859இல் நிறைவுற்றபோது, கொழும்பு மாதர்க்கும் சிறார்க்குமென அதனைப் பேணுமாறு தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் தமக்குப் பின்வருவோரைக் கல்வெட்டில் வேண்டிக்கொண்டார். ஆகவே அங்கு பிள்ளைகள் விருந்தினரல்லர், உரித்தாளர். அவர்களை அதட்டாது ஓடவிடுங்கள். சோளகக் காற்றிற் பட்டம் எளிதில் ஏறும்; கடலோ அக்காலத்திற் கொந்தளிக்கும், காலை நனைக்கவும் விடலாகாது. இறால் வடை சிறு நாவுக்கு உறைக்கும். ஒரு சரை கடலை போதும்.