வேகத்தைக் கூட்ட முன் வெப்பத்தைக் கணக்குப் பாருங்கள்

"ஓவர்கிளாக்கிங்" என்ற சொல் இப்போது தரம் 10, 11 பிள்ளைகளின் வாயில் சர்வசாதாரணமாக வருகிறது. நான் படிப்பிக்கும் வட்டுக்கோட்டைப் பகுதியில், வெளிநாட்டு மாமா அனுப்பிய கிராபிக்ஸ் கார்ட், யாழ்ப்பாணத்தில் வாங்கிய பாவித்த மதர்போட், கொழும்பிலிருந்து கூரியரில் வந்த ரெம் என்று துண்டு துண்டாகச் சேர்த்து, கேம் விளையாடவென்றே கொம்பியூட்டர் பூட்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். பூட்டி முடிந்ததும் அடுத்த ஆசை, யூடியூப்பில் பார்த்தபடி வேகத்தைக் கூட்டுவது. நான் ஆசிரிய கலாசாலையில் விஞ்ஞானம் பயின்றவன், கடைக்காரன் அல்ல. ஆனால் இது முக்கால்வாசி பௌதிகவியல்தான். வீட்டுக்காரர் ஒரு வருடமாகச் சேர்த்த காசு அந்தப் பெட்டிக்குள் இருப்பதால், அந்தப் பௌதிகவியலைப் பெற்றோரும் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஒரு ப்ரோசசர் விநாடிக்கு எத்தனை துடிப்பில் வேலை செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர் ஓர் எல்லை வைத்திருப்பார். 4 கிகாஹேர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 400 கோடி துடிப்பு. அதை நாமாக 4.4க்கு உயர்த்துவதுதான் ஓவர்கிளாக்கிங். வேகம் கூடும்போது சிப் தடுமாறும். தடுமாறாமல் இருக்க அதற்குக் கொடுக்கும் வோல்ட்டளவையும் கூட்ட வேண்டிவரும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சிப் எடுக்கும் வலு, வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடும். வோல்ட்டளவோடு வர்க்க விகிதத்தில் கூடும்.

கணக்காகப் பாருங்கள். வேகம் 10 சதவீதம் கூடுகிறது. வோல்ட்டளவு 1.20இலிருந்து 1.35 ஆகிறது. 1.35ஐ 1.20ஆல் வகுத்து வர்க்கித்தால் ஏறத்தாழ 1.27. அதை 1.1ஆல் பெருக்கினால் 1.39. பத்து சதவீத வேகத்துக்கு 39 சதவீதம் கூடுதல் வெப்பம்!

அந்த வெப்பம் எங்கே போகும்? கூலர் அதை அறைக் காற்றுக்குள் தள்ளும். காற்றாலோ தண்ணீராலோ குளிர்விக்கும் சாதாரணக் கூலர் எதுவும் சிப்பை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. காணொளி போடுபவர் பெரும்பாலும் குளிர்நாட்டில், 21 பாகை அறையில் இருக்கிறார். அவருடைய சிப் 70 பாகை காட்டினால், அறையை விட 49 பாகை கூட. அதே பெட்டியைச் சித்திரை மாதத்தில், சோளகம் தொடங்குவதற்கு முந்திய புழுக்கத்தில், சீட் போட்ட நம் அறைக்குள் வைத்தால் அறையே 33 பாகை. சிப் 82க்கு வந்துவிடும். இதற்கு மேல் 39 சதவீத வெப்பத்தைக் கூட்டினால் 49 என்பது 68 ஆகும்; மொத்தம் 101. இன்டெல்லின் பெரும்பாலான சிப்களுக்கு எல்லை 100 பாகை, ரைசன்களில் பலவற்றுக்கு 90 அல்லது 95. எல்லை தொட்டதும் சிப் தன்னைக் காப்பாற்ற வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கூட்டப் போய்க் குறைந்ததுதான் மிச்சம். 2023இல் இன்டெல் சிப் ஒன்றை 9 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் ஓடவிட்டு உலக சாதனை செய்தார்கள் என்பது உண்மை. அவர்கள் சிப்பின் மேல் ஊற்றியது திரவ ஹீலியம்.

ஒரு காலத்தில் இதில் உண்மையான இலாபம் இருந்தது. 1998இல் வந்த செலரோன் 300ஏ என்ற மலிவான சிப்பை, மதர்போட்டின் பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றி 450இல் ஓட்டினார்கள். இலவசமாகப் பாதி வேகம் கூடுதல். தயாரிப்பாளர் அப்போது சிப்புக்குள் நிறைய இடம் விட்டுவைத்திருந்தார். இன்று அந்த இடத்தை 'டர்போ', 'பூஸ்ட்' என்ற பெயரில் அவரே எடுத்துக்கொண்டு விற்கிறார். அளவுக்கு மீறியும் எடுத்திருக்கிறார்: இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் சிப்கள் பல, யாரும் கைவைக்காமலேயே தேவைக்கு மேற்பட்ட வோல்ட்டளவு வாங்கி நிரந்தரமாகப் பழுதாகின. 2024இல் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு, ஓகஸ்ட்டில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. பழுதான சிப்பை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. இந்தத் தலைமுறை ஐ7, ஐ9 சிப்பைப் பாவித்த பொருளாக வாங்குபவர்கள், முன்னவர் பயோஸைப் புதுப்பித்திருந்தாரா என்று கேட்டே வாங்குங்கள்.

சரி, ஆரம்பநிலைப் பிள்ளை என்னதான் செய்யலாம்? முதலாவது, ரெம். 3200 என்று பெட்டியில் போட்டிருக்கும் டிடிஆர்4 ரெம், பூட்டியவுடன் 2133இலோ 2400இலோதான் ஓடும். பயோஸுக்குள் எக்ஸ்எம்பி என்பதை இயக்கினால்தான் எழுதிய வேகம் வரும். காசு கொடுத்த வேகத்தையே பாவிக்காமல் ப்ரோசசரைத் திருகிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அதிகம். இரண்டாவது, வேகத்தை அப்படியே விட்டு வோல்ட்டளவைச் சிறிது குறைத்துப் பார்ப்பது. 'அண்டர்வோல்ட்' என்பார்கள். எல்லா மதர்போட்டும் இதற்கு இடம்கொடுக்காது. கொடுத்தால், 1.20ஐ 1.10 ஆக்கும்போது வெப்பம் 16 சதவீதம் குறையும். மேலே சொன்ன 82 பாகை 74க்கு இறங்கும். இதைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது. அவர்களுக்கு இது அவ்வளவு ருசிப்பதில்லை, வேறு விஷயம்!

எதை மாற்றினாலும் ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். விஞ்ஞானப் பரிசோதனையில் மற்ற மாறிகளை மாறாமல் வைத்துக்கொண்டு ஒன்றை மாற்றிப் பார் என்று படிப்பிக்கிறோமே, அதேதான். கொப்பி ஒன்றில் திகதி, மாற்றியது, வெப்பநிலை மூன்றையும் எழுதுங்கள். வெப்பநிலையைப் பார்க்க எச்டபிள்யூஇன்போ என்ற இலவச மென்பொருள் போதும். நீலத்திரை வந்தால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகும் வந்தால் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. ரெம்மில் சந்தேகமென்றால் மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

மின்விசிறி சுழல்கிறது, திரையில் ஒன்றும் இல்லை என்பது அடிக்கடி வரும் முறைப்பாடு. மொனிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்ட்டில் குத்தாமல் மதர்போட்டில் குத்தியிருப்பார்கள். இன்டெல் சிப்பின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் மதர்போட்டின் வாயில் படமே வராது. அது சரியென்றால், ப்ரோசசருக்குப் பக்கத்தில் குத்தவேண்டிய 8 பின் மின் கேபிளைப் பாருங்கள். பிறகு ரெம்மைக் கழற்றி, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பூட்டி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பயோஸில் எதையோ மாற்றியபின் கொம்பியூட்டர் எழும்பவில்லை என்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு மதர்போட்டிலுள்ள சிஆர்2032 வட்ட பற்றரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்து வையுங்கள். மாற்றியதெல்லாம் மறந்துபோகும். இவ்வளவுக்கும் ஒரு சதம் செலவில்லை.

கேம் ஓடும்போது மட்டும் பட்டென்று நின்றால் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். பெட்டியில் 600 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே 30 ஆம்பியர் என்றிருந்தால், கிராபிக்ஸ் கார்ட்டுக்கும் ப்ரோசசருக்கும் கிடைப்பது 12 தர 30, 360 வாட்தான். அந்தப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே கொள்ளளவிகளில் மின் தேங்கியிருக்கும்.

பழைய வீடுகளில் இன்னொன்று. கேசிங்கின் இரும்பைத் தொட்டால் கை சுள்ளென்கிறதா? பிளக்பொயின்ட்டில் எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் கசியும் சிறு மின்னோட்டம் நிலத்துக்குப் போக வழியில்லாமல் இரும்பில் நிற்கிறது. இரண்டு பின் அடப்டர் போட்டாலும் இதே கதை. ஓவர்கிளாக் பற்றிப் பேசுமுன் எலெக்ட்ரிசியனைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்ச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். யூபிஎஸ் ஒன்றும் தேவை. 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு உப மின்நிலையத்துக்குள் புகுந்ததால் நாடே இருண்டது. பயோஸைப் புதுப்பிக்கும் நடுவில் கரண்ட் போனால் மதர்போட் திரும்ப எழும்பாமலே போகலாம்.

இத்தனையும் பார்த்தபின் வேகத்தைக் கூட்டியே தீருவேன் என்று பிள்ளை நின்றால், 0.1 கிகாஹேர்ட்ஸாகக் கூட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு படிக்கும் சினிபெஞ்ச்சை அரை மணிநேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அதையும் மார்கழி வாடையடிக்கும் இரவில் அல்ல, சித்திரை மாத மதியம் இரண்டு மணிக்கு, அறைக் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு.