கடலுக்கு இரும்பு உரம்

இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தேயிலை மலைகளில், உரம் போட்டும் கொழுந்து வெளிறிச் சிறுத்துப் போனால் நாக சல்பேற்றைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பார்கள். தேவைப்படுவது கொஞ்சம்தான், அது இல்லாவிட்டால் போட்ட உரமெல்லாம் வீண். அந்தாட்டிக்காவைச் சூழ்ந்த தென்சமுத்திரத்தின் குறையும் அப்படிப்பட்டதே. நைத்திரேற்று அங்கே தாராளம், இரும்புக்குத்தான் பஞ்சம். நிலத்திலிருந்து காற்று அள்ளிவரும் தூசி அவ்வளவு தூரம் அதிகம் போய்ச் சேர்வதில்லை.

கடலின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்பாசிகள் வெயிலில் காபனீரொட்சைட்டை எடுத்து வளர்கின்றன. இரும்பு கிடைத்தால் அவை பெருகும். இறந்த பாசி ஆழ்கடலுக்கு அமிழ்ந்துவிட்டால், அதிலுள்ள காபன் நூற்றாண்டுக் கணக்கில் வெளியே வராது. 1980களின் இறுதியில் இக்கருத்தை வலியுறுத்தியவர் அமெரிக்கக் கடலியலாளர் ஜோன் மார்ட்டின். 1993இல் கலாபகோஸ் தீவுகளருகே முதற் பரிசோதனை நடந்தபோது அவர் உயிருடன் இல்லை.

2009இல் இந்தியாவும் களமிறங்கியது. கோவாவின் தேசிய கடலியல் நிறுவனமும் ஜேர்மனியின் அல்பிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வின் பெயர் லோஹாபெக்ஸ். வஜீஹ் நக்வியும் விக்டர் ஸ்மெட்டாசெக்கும் தலைமை தாங்கினர். சூழலியல் அமைப்புகள் எதிர்த்ததால் ஜேர்மன் அரசு சில நாட்கள் தடுத்துவைத்து, பிறகே அனுமதித்தது. தென் அத்திலாந்திக்கில் ஒரு பெரும் நீர்ச்சுழலின் நடுவே, 300 சதுர கிலோமீற்றர் பரப்பில், 'போலார்ஸ்டேர்ன்' கப்பலிலிருந்து இரும்புச் சல்பேற்றுக் கரைசலை விட்டார்கள்.

இரண்டு வாரத்தில் பாசி இரட்டிப்பானது. அதற்குமேல் வளரவில்லை. சில மில்லிமீற்றர் நீளமேயுள்ள கொப்பிபொட் என்ற ஓட்டுடலிகள் வளர வளர அதை மேய்ந்தன. அவற்றை ஆம்பிபொட் எனும் பெரிய ஓட்டுடலிகள் தின்றன. தின்னப்பட்ட காபனில் பெரும்பங்கு சுவாசத்தின் வழியே மேல்நீரிலேயே கலந்தது. ஆழத்துக்கு இறங்கியது சொற்பம்.

காரணம் சிலிக்கா. கண்ணாடி போன்ற ஓடுள்ள டயட்டம் பாசிகளை மேய்வது எளிதல்ல. அவை கூட்டமாகத் திரண்டு அமிழ்ந்தும் விடும். ஓடு கட்டச் சிலிக்கா வேண்டும். லோஹாபெக்ஸ் நடந்த நீரில் அது முன்பே தீர்ந்திருந்ததால் மென்மையான பாசிகளே முளைத்தன. சிலிக்கா நிறைந்த தென்சமுத்திர நீரில் 2004இல் ஐபெக்ஸ் ஆய்வு நடந்தபோதோ, திரண்ட பாசியில் பாதியேனும் 1,000 மீற்றருக்குக் கீழே இறங்கியது.

ஆகவே பாசி வளர்ந்ததைக் காட்டிக் காபன் குறைந்ததாகக் கணக்கெழுத முடியாது; அமிழ்ந்ததை அளந்து காட்ட வேண்டும். கடலுக்கு உரமிடுவதை அறிவியல் ஆய்வுக்கு மட்டும் அனுமதிக்கும் திருத்தத்தை, கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் இலண்டன் நெறிமுறையின் நாடுகள் 2013இல் ஏற்றுக்கொண்டன. அந்த அளவீடு கைகூடாதவரை, இரும்பை நம்பிப் புகைபோக்கிகளைத் திறந்துவிடுவது விவேகமல்ல.